ஓரெஸ்தே லகானாவின் தொண்டை

மறந்துவிட்டானா, நடிக்கிறானா? மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று, ஏசுவடியானுக்குப் பிடிபடவில்லை. சாலிகிராமத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம், சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய சின்ன டப்பிங் அறை. எதிரே மைக், மைக்குக்குப் பின்னால் திரை, திரையில் இத்தாலிய நடிகன் ஓரெஸ்தே லகானா, எழுபத்திரண்டு வயது, ஒரு சமையலறையில் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மகள் கேட்கிறாள், அம்மா செத்த அன்றைக்கு நீ ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று. வந்தேன், வாசல் வரைக்கும் வந்தேன், என்கிறான். அப்புறம் வாய் மூடிக்கொள்கிறது. நான்கு விநாடி. கண் இடது பக்கம் மேலே போகிறது, அங்கே என்ன இருக்கிறது, பல்லியா, விளக்கா, வசனம் எழுதிப் பிடித்த அட்டையா. பிறகு சொல்கிறான்: வண்டி நிறுத்த இடம் கிடைக்கல. அவ்வளவுதான் காட்சி. அந்த நான்கு விநாடிக்குள் தொண்டையில் ஒரு சின்ன அசைவு, எச்சில் விழுங்கிய மாதிரி, விழுங்க முடியாமல் விழுங்கிய மாதிரி. அதைத்தான் ஏசுவடியானால் தாண்ட முடியவில்லை. ஏழு வருஷமாக அந்த மனுஷனுக்குத் தமிழ்க் குரல் இவர்தான். பதினெட்டு வயது மூத்தவன் என்றாலும் மனசுக்குள் அவன் என்றுதான் வரும். ஒருத்தனுடைய மூச்சுக்குள் மூச்சு வைத்துப் பழகிய பிறகு மரியாதை எங்கே ஒட்டுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெஹானாவின் குரல் ஹெட்போனில் வந்தது. டப்பிங்கை நடத்துகிறவள் அவள். முப்பத்தாறு வயசு, பேப்பரைப் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சார், இந்த எட்டாவது பாகத்துக்கு அங்க திருத்தின படம் இப்பதான் வந்திருக்கு. குரு மெஷின்ல ஏத்திக்கிட்டு இருக்கார். அரை மணி நேரம் ஆகும். வெளிய வர்றீங்களா?"

"வேணாம்மா, இங்கயே இருக்கேன். அந்தச் சமையலறைக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடச் சொல்லு."

"சரி சார். அப்புறம் ஒரு விஷயம், சொல்ல மறந்துட்டேன். லகானாவைப் பத்தி ஒரு குறிப்பு அனுப்பியிருக்காங்க, விளம்பரத்துக்கு. நாம மூணு வருஷம் முன்னாடி பண்ணினோமே, போலீஸ்காரனா வருவாரே, சின்ன வயசுப் படம்? அதுல பேசுறது அவர் இல்லையாம். வேற யாரோ பேசினதாம். அந்தக் காலத்துல அவர் பண்ணின பதினாலு படத்துலயும் அப்படித்தானாம். தென்கோடி ஊர்க்காரர் இல்லையா, அந்தப் பேச்சு வாடை வரக் கூடாதுன்னு."

"யார் பேசினது?"

"பேர் போடல சார்."

அவள் பேசும் விசையை விட்டதும் ஹெட்போனில் ஒரு பள்ளம் விழுந்தது. திரையில் லகானா மறுபடி வாசல் வரைக்கும் வந்தான், வாயை மூடினான், மேலே பார்த்தான். ஏசுவடியான் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார், ஏசி குளிருக்கு அது ஒரு பழக்கம். அவன் இல்லையா. அந்தப் போலீஸ்காரன், அந்தச் சுருட்டை முடி, அந்தக் கூர் மூக்கு, மாடிப்படியில் ஓடி ஏறிவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்குவானே, அது அவன் இல்லையா. உடம்பு அவனுடையது, மூச்சு இன்னொருத்தனுடையது. அந்த மூச்சைத்தானே இரண்டு நாள் உட்கார்ந்து பிடித்தது. பேசுவதற்கு முன்னால் ஒரு நூலளவு காற்றை உள்ளே இழுத்து, அதை விடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது வார்த்தையில் விடுகிற அந்தத் தோரணை; கிழவன் லகானாவிடம் அறுபது தாண்டிய வயதில் கேட்ட அதே இழுப்பு இருபத்தாறு வயசுப் பையனிடமும் கேட்டபோது ஏசுவடியானுக்கு உடம்பு சிலிர்த்தது, வீட்டில் மனைவி செலினிடம்கூடச் சொன்னார், மனுஷனுக்கு முகம் மாறும், வயிறு மாறும், மூச்சு மாறாது கேட்டியா என்று. செலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், ஆமா என்றாள். இப்போது பார்த்தால் அது எவனோ. பெயர் போடாதவன். அப்படியானால் கிழவனிடம் இருக்கும் இழுப்பு யாருடையது?

இந்த இடத்தில் யோசனை சிக்கிக்கொண்டு நின்றது, சேலை முந்தானை கதவு ஆணியில் மாட்டினாற்போல. எடுத்துவிட்டால் போகும், எடுக்க மனமில்லை. லகானாவைப் பற்றி ஏசுவடியானுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பேட்டி, அதுவும் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துத் தெரிந்துகொண்டது. பூட்ஸ் வடிவ இத்தாலியின் கால் கட்டைவிரல் முனையில் ஒரு கடற்கரை ஊர். எதிரே தீவு. அப்பன் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவர். பத்தொன்பது வயதில் ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியோடு கிளம்பிப் போய்விட்டான். மூன்று வருஷம் ஒரே வேஷம்: வேலைக்காரன். இரண்டாம் அங்கத்தில் கதவைத் திறந்து, கடிதம் வந்திருக்கிறது ஐயா என்று சொல்லி, தட்டை நீட்டிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். பேட்டி எடுத்த பெண் சிரித்தாள், அலுக்கவில்லையா என்றாள். லகானா சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் உள்ளே நுழைவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொள்வேன், என்றான். ஒரு நாள் சாவு, ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் ஒன்றுமில்லாத வெறும் தாள். அதற்குத் தக்கபடி தட்டைப் பிடிப்பேன். யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் ஒரு நாள், பாரி என்ற ஊரில், பெரிய நடிகர் கடிதத்தை எடுக்கும்போது அவர் கை நடுங்கிற்று. அன்றைக்கு நான் சாவு கொண்டுபோயிருந்தேன். இதைச் சொல்லும்போது லகானா அந்த நூலளவு காற்றை இழுத்தான். ஏசுவடியான் அந்த இடத்தை நிறுத்தி, திரும்ப வைத்து, திரும்ப வைத்து, தானும் இழுத்துப் பார்த்திருக்கிறார், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால்.

கடிதம் கொண்டுபோனவனுக்கும் கூட்டத்தில் கத்தினவனுக்கும் என்ன பெரிய தூரம். டப்பிங்கில் முதல் ஆறு வருஷம் ஏசுவடியான் கூட்டக் குரல்தான். சந்தையில் பத்துப் பேர் பேசுகிற சத்தம், கோயில் திருவிழாச் சத்தம், ஐயோ தீ, ஓடு ஓடு, தண்ணி கொண்டா. எட்டுப் பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று எண்ணூறு பேராக ஆக வேண்டும். நாகர்கோவிலில் தேவாலய மேடையில் நின்று வேதபாடம் வாசித்துப் பெயர் வாங்கிய தொண்டை. உபதேசியார் மகன் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்திருப்பான் என்பார்கள். அதை நம்பி ரயிலேறி வந்தால், முதல் நாளே ஒரு பொறுப்பாளர், நல்ல மனுஷர்தான், தம்பி நீ வாயைத் திறந்தா தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்குதுப்பா என்றார். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். இரண்டு வருஷம் மின்சார ரயிலில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் போய்ப் போய் வந்து, செய்தித்தாளை வாய்விட்டுப் படித்து, பேச்சிலிருந்து அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்தார். இப்போது ஊருக்குப் போனால், மெட்ராஸ்காரன் வந்திருக்கான் என்கிறான் அண்ணன் மகன். லகானாவை மட்டும் துடைக்கவிடவில்லை. துடைக்க மெனக்கெடாமல் வாயையே மாற்றிவிட்டார்கள். பதினோரு வருஷம், பதினான்கு படம். முதல் படம் வெளியானபோது அம்மாவை அழைத்துக்கொண்டு போனானாம். இருட்டில் அம்மா அவன் கையைப் பிடித்து, உன் மூஞ்சிக்குள்ள யாருடா உட்கார்ந்திருக்கான் என்று கேட்டாளாம். பேட்டியில் இதையும் சொல்லியிருக்கிறான்! அப்போது ஏசுவடியானுக்கு விளங்கவில்லை, வேஷப் பொருத்தத்தைப் பற்றி அம்மா ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக் கடந்து போய்விட்டார். காது இருந்தும் கேட்கவில்லை.

பதினான்கு படம். ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து, தன் வாய் திறக்க இன்னொருத்தன் பேசுவதைக் கேட்டிருப்பான். முதல் படத்தில் கோபம் வந்திருக்கும். மூன்றாவதில் பழகியிருக்கும். ஏழாவது எட்டாவதில்? படப்பிடிப்பில் நிற்கும்போதே, இந்த இடத்தை அவன் எப்படிச் சொல்லுவான் என்று யோசித்திருப்பானோ? அவனுக்கு இடம் விட்டு நடித்திருப்பானோ? அவன் காற்றை இழுக்க ஒரு கணம் வேண்டும் என்று தோளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருப்பானோ? தூக்கிய தோளுக்குள் காற்று தானே போயிருக்கும். ஏசுவடியான் ஸ்டூலிலிருந்து முதுகை நிமிர்த்தினார். அப்படித்தான் இருக்க வேண்டும். பெயரில்லாதவனுடைய மூச்சை லகானா எடுத்துக்கொண்டுவிட்டான். படத்தை விட்டுவிட்டு நாடகத்துக்குத் திரும்பிப் போனபோது, அங்கே என் வாயை யாரும் பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனவன், சின்னச் சின்ன ஊர்க் கொட்டகையில் இருபது வருஷம் தன் தெற்கத்திக் குரலில் பேசினவன், அந்த மூச்சை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஐம்பத்தாறாவது வயதில் ஒரு பெண் இயக்குநர் கொட்டகையில் அவனைப் பார்த்துவிட்டு, நீங்கள் உங்கள் குரலிலேயே பேசலாம் என்று சொல்லித் திரைக்குக் கூட்டி வந்தபோது, வந்தது இரண்டு பேர். அந்த மூச்சை ஏசுவடியான் எடுத்துக்கொண்டார். அப்படியானால் இவருக்குள் எத்தனை பேர். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எதற்கோ சிரித்தபோது செலின் கரண்டியை வைத்துவிட்டு, இது யாருக்க சிரிப்பு என்று கேட்டாளே. விளையாட்டுக்குக் கேட்டாள் என்று நினைத்தார். அந்தப் பெயரில்லாதவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள், அவளும் கேட்டிருப்பாள். அவனும் எவனிடமிருந்தோ எடுத்திருப்பான், ஒரு பாதிரியார், ஒரு வாத்தியார், ரேடியோவில் பேசின எவனோ. போய்க்கொண்டே இருக்கிறது. பயமாக இருக்க வேண்டிய யோசனை, ஆனால் பயமாக இல்லை, ஓடையில் கையை விட்டுக்கொண்டு இது எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

பயம் வேறு இடத்தில் இருந்தது. இன்று சாயங்காலம் நாலரை மணிக்கு இருந்தது. மூன்று மாதமாகத் தொண்டையில் ஒரு பருக்கை மாட்டினாற்போல, செருமினால் போகாது, வெந்நீருக்குப் போகாது. காலையில் முதல் பத்து வார்த்தை மணலில் நடக்கும். போன வாரம் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தடிப்பு மாதிரி தெரியுது, கேமரா விட்டுப் பார்த்துடலாமே, என்றார், சினிமாவுக்குப் போகலாமா என்கிற குரலில். எதுவாகவும் இருக்கலாம், கத்திப் பேசுகிறவர்களுக்கு வருவதுதான், எதுவாக இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. அந்த எதுவாக இருந்தாலும் என்ற இடத்தில் டாக்டரும் ஒரு நூலளவு காற்றை இழுத்தார். செலினிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்தில் அவளிடம் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணலாம், எல்லாமே உடம்பைப் பற்றியவை. இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள், இரக்கப்பட்டு வேறு ஒரு குரலைப் போட்டுப் பார்ப்பார்கள், அது பொருந்திவிடும். பொருந்தத்தான் செய்யும். எந்த வாய்க்கும் எந்தக் குரலும் பொருந்தும், அந்தப் போலீஸ்காரனைப் பார்த்த யாருக்காவது சந்தேகம் வந்ததா? தனக்கே வரவில்லையே.

லகானா வாசல் வரைக்கும் வந்தான். வாயை மூடினான். ஏசுவடியான் இப்போது கண்ணைப் பார்க்காமல், சட்டைக் காலருக்கு மேலே குரல்வளையை மட்டும் பார்த்தார். ஏறுகிறது. பாதியில் நிற்கிறது. இறங்குகிறது. ஒரு கையைத் தன் தொண்டையில் வைத்து எச்சில் விழுங்கினார். ஏறிற்று, பாதியில் மாட்டிற்று, இறங்கிற்று. மறுபடி லகானா, மறுபடி இவர். அடப்பாவி. உனக்குமா? மறக்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை. வசனம் வாயில் தயாராக இருக்கிறது, கதவு திறக்கவில்லை, காத்திருக்கிறாய். கண் மேலே போனது அட்டையைப் படிக்க இல்லை, வலிக்கு. இல்லை, இதுவும் நாமாகக் கட்டுவதோ? தனக்கு இருக்கிற பருக்கையை எல்லார் தொண்டையிலும் தேடுகிறோமோ? மூக்குக் கண்ணாடி வாங்கினவனுக்கு ஊரில் எல்லாரும் கண்ணாடி போட்டிருப்பது தெரிகிற மாதிரி. இத்தாலிக்குக் கடிதமா போட முடியும், ஐயா நீங்கள் எட்டாவது பாகத்தில் எச்சில் விழுங்கினீர்களே, அது என்ன என்று. போட்டால்தான் என்ன? அவன் படிப்பானா? எந்த மொழியில் எழுதுவது? உங்கள் தொண்டையைத் தமிழில் வைத்திருக்கிறவன் எழுதிக்கொள்வது. ஏசுவடியானுக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. சிரிப்பு செருமலில் போய் முடிந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது, வெறுமனே தெரிந்துகொள்ள. வலியோடு நின்றுகொண்டு எந்த முகத்தோடு அந்தப் பதிலை மகளுக்குக் கொடுக்கிறான்? வண்டி நிறுத்த இடம் கிடைக்கல. எவ்வளவு கேவலமான பதில். பெண்டாட்டி உள்ளே செத்துக்கொண்டிருக்க, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவன். உள்ளே போகப் பயந்தவன் எவனும் இப்படித்தான் சொல்லுவான், பல் டாக்டர் என்பான். காலையில் ஏசுவடியான் அந்த வரியைத் துக்கமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். துக்கம் அதில் எங்கே இருக்கிறது. அவன் நிஜமாகவே இடம் தேடிக்கொண்டிருக்கிறான்.

"சார், படம் ஏறிடுச்சு," என்றாள் ரெஹானா. "பண்ணலாமா?"

"பண்ணலாம்."

"அந்த நாலு விநாடிக்கு மூச்சு மட்டும் குடுங்க. காலையில குடுத்தது கொஞ்சம் பெருமூச்சா இருந்துச்சு."

"தெரியும்மா."

சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் கேட்டாள். வந்தேன், வாசல் வரைக்கும் வந்தேன், என்றார் ஏசுவடியான், பிறகு வாயை மூடிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தார். எச்சில் தானாக ஏறி வந்தது, விழுங்கினார், வலித்தது, வலி இறங்கும் வரை காத்திருந்தார். கண் தானாக இடது பக்கம் மேலே போய்ச் சாம்பல் பஞ்சில் ஒரு கிழிசலைப் பார்த்தது. வண்டி நிறுத்த இடம் கிடைக்கல, என்றார், யாரிடமோ வழி சொல்கிறவர் போல. விளக்கு அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளன் குரு தலையை ஆட்டினான். ரெஹானா ஆட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, சுற்றி வந்து, கனமான கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு சார். இதையே வச்சுக்கலாம்."

அவள் போகாமல் நின்றாள். ஏசுவடியான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை. முப்பது வருஷம் துடைத்த வாயிலிருந்து ஊர்ப் பேச்சு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

"எனக்குத் தொண்டை செரியில்ல பிள்ளே. மூணு மாசமாட்டு."

"தெரியும் சார்."

"குரு சொன்னானா?"

"குருவுக்குத் தெரியாது. மூணாவது பாகத்துல துறைமுகத்துல 'போகாதே'ன்னு கத்துவீங்கல்ல, அதுல 'போ'வுக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்துச்சு. லகானாகிட்ட அது இல்ல, உங்ககிட்ட மட்டும் இருந்துச்சு. நான் வெட்டி எடுத்துட்டேன். அதுக்கப்புறம் கேக்கக் கேக்க எல்லா இடத்துலயும் இருந்துச்சு. அதனாலதான் கத்துற காட்சி எல்லாத்தையும் தனித்தனி நாளா பிரிச்சுப் போட்டேன்."

"வேலையைக் குறைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க அப்படித்தான் நெனைப்பீங்கன்னு தெரியும். ஆனா நீங்களா சொல்லாம நான் எப்படி சார் கேக்கறது." அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டி அவிழ்த்தாள். "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இன்னைக்கு நாலரைக்கு. கேமரா விடுறாங்களாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். ரெஹானா தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள், பிறகு அவரிடமே ஒன்று இருப்பது ஞாபகம் வந்து தன்னுடையதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏசுவடியான் செலினைக் கூப்பிட்டார். அஞ்சு நிமிஷம் பேசினார், பேசினதில் பாதி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். செலின் திட்டவில்லை, எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டாள், அசோக் பில்லரிலிருந்து நேராக வந்துவிடுகிறேன், நீ உள்ளே போயிராதே, நான் வந்த பிறகு போ, என்றாள். போனை வைத்த பிறகு தொண்டை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம் போல ஓர் ஆசை, சின்ன வயசில் ரேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினபோது வந்த அதே ஆசை, வெட்கமில்லாமல் வந்து நின்றது.

"ரெஹானா, அந்தக் கேமராவை உள்ள விடும்போது பக்கத்துல ஒரு திரையில தெரியுமாமே. டாக்டர் மட்டுந்தான் பாப்பாரா, நமக்கும் காட்டுவாங்களா?"

"தெரியல சார்," என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ரெஹானா. "கேட்டுப் பார்ப்போம்."